கழுத்துக்குக் கீழே வெட்டிய படம்

காலாவதியான பாங்க் அட்டையால் வெள்ளைப் பெயின்ட்டை வழித்து, பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கிறாள் அராபா தவியா. அடியில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற மெல்லிய தாள். அதன்மேல் தேயிலைக் கறை, அதன்மேல் தையற்காரி தந்த ஒட்டுத்துணி. காய்வதற்குள் சீசா மூடியை அழுத்தி வட்டம் போட்டாக வேண்டும். "ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். ஆனா அடியில இருக்கறது கொஞ்சம் எட்டிப் பாக்கணும். வித்தையே அதான்" என்பாள்.

அவளுடைய ஓவிய நோட்டு உண்மையில் ஒரு பழைய உயிரியல் பாடப்புத்தகம். ஒட்டி ஒட்டி ஊதிப்போய் மூட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். முடி உலர்த்தும் கருவி அவள் தலையைக் கண்டதே இல்லை; பக்கங்களை உலர்த்துவதற்கே அதற்கு நேரம் சரியாக இருக்கிறது.

கானா நாட்டின் கேப் கோஸ்ட்டில் மருந்துக் கடை வேலை. ஐம்பத்து மூன்று வயதில் நகமெல்லாம் நீலம். "என்னம்மா கை இது? இதையேதான் எங்களுக்கும் கலந்து குடுக்கறியா?" என்று கேட்பவர்களிடம், "உங்களுக்குப் பச்சை. வெச்சிருக்கேன், வாங்க" என்பாள் முகம் மாறாமல்.

ஞாயிறு மாலை ஆறு பெண்கள் வெட்டி ஒட்ட அவள் வராந்தாவுக்கு வருவார்கள். சனிக்கிழமை ஒன்றுசேர முடியாது. ஊரில் யாருக்காவது சவ அடக்கம் இருக்கும். அங்கே கொடுக்கும் பளபளப்பான நினைவுப் புத்தகங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. போனவர் முகம் போட்டது, யாருக்குத்தான் எறிய மனம் வரும்? அராபா அவற்றின் ஓரத்துப் பூக்களையும் தங்கக் கோடுகளையும் மட்டும் வெட்டிக்கொள்வாள். ஆளைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு.

அவர்களில் அஜோவா கணக்கு டீச்சர், அராபாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தாய் இறந்ததால் இரண்டு மாதம் வராமல் இருந்து, போன ஞாயிறுதான் வந்தாள். வந்ததும் வராததுமாக, "அக்கா, புக்கைக் குடுங்க. நான் இல்லாதப்ப என்னென்ன அட்டூழியம் பண்ணீங்கன்னு பாக்கறேன்" என்றாள். அந்த வராந்தாவில் நோட்டைக் கேட்டால் இல்லையென்று சொல்லும் பழக்கம் கிடையாது. அராபா பெருமையாகத்தான் நீட்டினாள். நாலைந்து பக்கம் புரண்ட பிறகுதான் உள்ளே எதை ஒட்டியிருக்கிறோம் என்று அராபாவுக்கு ஞாபகம் வந்தது.

பிடுங்கவா முடியும்?

அஜோவா நிறுத்திய பக்கத்தில் கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி அலையலையாக விழுந்திருந்தது. கழுத்து இருந்த இடத்தில் ஒரு சூரியகாந்தி.

"இது எங்கம்மா துணி" என்றாள் அஜோவா. விரலால் ஒரு மடிப்பைத் தொட்டாள். "போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி இதை நான்தான் நீவி விட்டேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "முகம் எங்கக்கா?"

அச்சகத்தில் மிஞ்சிய தாள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அராபா அதை விழுங்கினாள். அந்தச் சாவு வீட்டில் கறுப்பு வெள்ளை உடுத்திப் போய் அஜோவாவைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். அங்கே வயிறாரச் சாப்பிட்டவளும் அவள்தான். மறுவாரமே, அந்த நீலத்தின்மேல் வந்த ஆசையில், அங்கே கொடுத்த நினைவுப் புத்தகப் படத்தில் கழுத்துக்குக் கீழே கத்தரியை வைத்தாள். தெரியாமல் செய்ததா? இல்லை, பார்த்துத்தான் வெட்டினாள்.

"குப்பையில போட்டேன்" என்றாள். "அந்த வெள்ளிக்கிழமையே எரிச்சாச்சு."

நல்லது செய்வதாக நினைத்து, வந்திருந்தவர்களில் ஒருத்தியான பியாட்ரிஸ் வாயைத் திறந்தாள்: "எங்க வீட்டுல அந்தப் புக் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

"எங்க வீட்டுலயே நூறு கிடக்கு. அதுக்கில்லக்கா" என்றாள் அஜோவா.

அராபா எழுந்தாள். அங்கே மன்னிப்புக் கேட்கிறவர்கள் செய்கிற முறைப்படி செருப்பைக் கழற்றினாள். இடது உள்ளங்கையில் வலது புறங்கையை வைத்து, தன்னைவிடச் சின்னவள் முன்னால் நின்று, "மன்னிச்சிரும்மா" என்றாள். அவமானத்தில் காது சுட்டது. அஜோவா நோட்டை மூடப் பார்த்தாள், அது மூடவில்லை. அப்படியே மேசையில் வைத்தாள். "செருப்பைப் போடுங்கக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

அராபா போடவில்லை. புளித்த சோளமாவில் அவித்த கெங்கியும் பொரித்த மீனும் வெறுங்காலோடுதான் பரிமாறினாள். அஜோவா இரண்டு வாய்க்குமேல் சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியபோது, வந்தவளைச் சாலைமுக்குவரை கொண்டுபோய் விடுவது முறையாயிற்றே என்று அராபாவும் கூடவே இறங்கினாள். பாதையில் புதிதாகக் கொட்டிய ஜல்லி. பாதி தூரத்தில் அஜோவா குனிந்து அராபாவின் வெறுங்கால்களை ஒருமுறை பார்த்தாள்; தன் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டாள்.