பாஸிங் டப்பாவும் எஸ்தர் வேனின் ஹெட்லைட்டும்

1. பெயிலான வண்டி

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, எஸ்தர் தன் ஸ்கூல் வேனை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்த சத்தத்திலேயே ஆள் என்ன மூடில் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வயரிங், செல்ஃப் மோட்டார், ஹாரன், லைட் எல்லாம் பார்ப்பேன். வண்டிக்காரர்களின் கோபத்தையும் பார்ப்பேன். அதற்குத் தனியாக சார்ஜ் கிடையாது.

எஸ்தர் சீத்தா கேம்ப்பிலிருந்து செம்பூர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவள். சொந்த வேன், தானே ஓட்டுவாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"பெயிலாக்கிட்டாவ அண்ணாச்சி. லைட்டு எதுத்தாப்ல வாரவன் கண்ணக் குருடாக்குதாம். இண்டிகேட்டர் பேய் புடிச்ச மாதிரி துடிக்காம். மறுபடி கொண்டாங்கன்னு அனுப்பிட்டாவ."

வருஷா வருஷம் வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க வேண்டும். பம்பாயில் அதற்குப் பாஸிங் என்று பெயர். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பாஸிங் இல்லாத வண்டியில் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்? அதற்குள் இன்னொரு வேன்காரர் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், 'எங்கள் வண்டியில் இடம் இருக்கிறது' என்று செய்தி போட்டாயிற்று. ஒரு தடவை கைமாறிய பிள்ளைகள் அந்த வருஷம் திரும்பி வரமாட்டார்கள். எஸ்தருக்கு அந்த வேன்தான் பிழைப்பு.

போன மழைக்காலத்தில் டிராம்பே ரோட்டில் ஒரு பள்ளம் தெரியாமல் வேனை இறக்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயத்தில், வெளிச்சம் போதாது என்று வெளி லைட் அத்தனையையும் எல்.ஈ.டி.க்கு மாற்றிவிட்டாள். பல்பை ஃபோனில் ஆர்டர் செய்து, வழியில் யாரோ ஒரு ஆளிடம் கொடுத்து மாட்டியிருக்கிறாள்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். பழைய ஹாலஜன் டப்பாவுக்குள், சூடு தணிக்கச் சின்ன விசிறி வைத்த எல்.ஈ.டி. பல்பைத் திணித்திருந்தார்கள்.

இது ஊரெல்லாம் நடக்கிற தப்பு. ஹாலஜன் பல்பில் வெளிச்சம் ஒரு சின்ன இழையிலிருந்து வருகிறது. அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டரை வளைத்திருப்பார்கள். அதில் கண்ட எல்.ஈ.டி.யையும் மாட்டினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்கு ஏதோ பகல் மாதிரி இருக்கும். எதிரே வருகிறவன் பாடு திண்டாட்டம்.

2. ஊர் வழக்கம்

இதற்கு எங்கள் தொழிலில் சுலபமான ஒரு வழி உண்டு. என் கடையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் நல்ல ஹாலஜன் பல்புகள், இண்டிகேட்டர் பல்புகள், வண்டிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர். அதுதான் பாஸிங் டப்பா. பாஸிங் அன்றைக்குக் காலையில் அதை மாட்டிக்கொண்டு போய்ப் பாஸ் பண்ணுவார்கள். சாயங்காலம் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பழையபடி கண்ணைக் குத்துகிற லைட்டோடு போவார்கள். எல்லாக் கடையிலும் ஒரு டப்பா உண்டு. ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் வைத்திருந்தேன்.

டப்பாவை எடுத்து எஸ்தர் முன்னால் வைத்தேன். அவள் தொடவே இல்லை.

"பாஸிங்குக்கு ஒரு மூஞ்சி, ரோட்டுக்கு ஒரு மூஞ்சியா? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு அண்ணாச்சி. மழையில நாந்தான ஓட்டணும்? எனக்கு ரோடும் தெரியணும், எதுக்க வாரவனுக்குக் கண்ணும் தெரியணும். எல்.ஈ.டி.யோடயே பாஸ் பண்ணித் தாங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, வேற எடம் பாக்கேன்."

வேறு இடமா! எனக்குச் சுருக்கென்றது. "வண்டிய விட்டுட்டுப் போ தாயி" என்றேன்.

3. குர்லாவில் கிடைத்த ஜோடி

அதே வேனில் மேல் மாடல் ஒன்று உண்டு. அதற்குக் கம்பெனியே எல்.ஈ.டி. ஹெட்லைட் கொடுக்கிறது. உள்ளே லென்ஸ் வைத்திருப்பதால் வெளிச்சம் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் விழும். டப்பா அளவும், போல்ட் ஓட்டையும் இரண்டுக்கும் ஒன்றுதான். குர்லாவில் அடிபட்ட வண்டிகளைக் கழற்றி விற்கிற கடைகளில் அலைந்து, பின்பக்கம் நசுங்கிய ஒரு வேனிலிருந்து முன் லைட் ஜோடியைப் பிடித்தேன். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அரசாங்க முத்திரை எண் அப்படியே இருந்தது. விலையை ஏற்றிவிடுவானே என்று கடைக்காரன் முன்னால் முகத்தைச் சுளித்து வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வயர்களைச் சொருகுகிற கப்ளர் மட்டும் சேரவில்லை. பழைய லைட்டின் கப்ளரில் மூன்று பின்: டிம், பிரைட், எர்த். புதியதில் ஆறு. முதல் மூன்றுக்கும் வயர் இழுத்து, ஜாயின்ட்டை சால்டர் வைத்து, மழைத் தண்ணீர் போகாதபடி ஸ்லீவ் போட்டு மூடினேன். மீதி மூன்று பின் ஏதோ மேல் மாடல் ஆடம்பரம் என்று விட்டுவிட்டேன்.

இண்டிகேட்டர் வேலை சுலபம். எல்.ஈ.டி. குறைந்த கரண்ட் இழுக்கும். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கிற பழைய ஃப்ளாஷர் அதைப் பார்த்து, பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு படபடவென்று அடிக்கும். எல்.ஈ.டி.க்கு என்றே வரும் ஃப்ளாஷரை மாட்டினேன். டிக்... டிக்... என்று நிதானமாக அடித்தது.

இனி ஹெட்லைட்டை செட்டிங் பண்ண வேண்டும். அதற்குச் சமமான தரையும், கொஞ்சம் தள்ளி ஒரு சுவரும், இருட்டும் வேண்டும். எங்கள் சந்தில் வண்டிக்கு எதிரே இருப்பது சுவர் இல்லை, அடுத்த வண்டி. தரை சாக்கடைப் பக்கம் சாய்ந்திருக்கும். இதை எஸ்தரிடம் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தாள். மறுநாள் மறுபடி பாஸிங். அந்த நிலையிலும் அவளுக்கு நக்கல்.

4. முகூர்த்தத்துக்கு முந்தின நாள்

மாதுங்காவில் ஒரு கல்யாண மண்டபம். அதன் ஜெனரேட்டர் வேலை எல்லாம் நான்தான் பார்ப்பேன். கீழ்த்தளத்தில் பார்க்கிங்; பட்டப்பகலிலும் இருட்டு, வழுவழுவென்று சமமான தரை, எதிரே வெள்ளைச் சுவர். மேனேஜர் ராமநாதன் சார், பாலக்காட்டுக்காரர். ஃபோனில் கேட்டதும், "நாளைக்கு முகூர்த்தம் இருக்கு துரை. சமையல்காரா எல்லாம் கீழேதான் காய் நறுக்கிண்டிருக்கா. ஓரமா பண்ணிக்கோ" என்றார்.

எஸ்தரும் நானும் போனோம். வெண்டைக்காய் மலைக்கும் பூசணிக்காய் மலைக்கும் நடுவே வேனை நிறுத்தினேன். ஹெட்லைட் உயரத்தை அளந்து, அதற்குக் கொஞ்சம் கீழே சுவரில் டேப் ஒட்டினேன். லைட்டைப் போட்டேன். ஸ்க்ரூவைத் திருகத் திருக, வெளிச்சத்தின் மேல் விளிம்பு இறங்கி வந்து டேப்பில் உட்கார்ந்தது. மேலே இருட்டு, கீழே பால் கொட்டினாற்போல் வெளிச்சம். நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்போதுதான் ராமநாதன் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் துரை, இது குழந்தைகள் போற வண்டியாக்கும்? அவா எல்லாரும் ஏறினா பின்னாடி தாழாதோ? எங்க டெம்போல பாத்திரம் ஏத்திண்டு போறச்சே லைட்டு ரெண்டாம் மாடி பால்கனில அடிக்கறது, கேட்டியா?"

பாஸிங்கில் வண்டியைக் காலியாகத்தானே பார்ப்பார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸிங்குக்கு ஒரு மூஞ்சி என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

"அப்ப ஏத்திப் பாத்திருவோம்" என்றாள் எஸ்தர். "எல்லாரும் வாங்க, சும்மா ஒக்காந்தாப் போதும்!"

சமையல்காரர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பிள்ளைகள் சீட்டில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். பின்சீட்டில் இரண்டு அரிசி மூட்டை. வேன் முனகிக்கொண்டு பின்னால் அமர்ந்தது. சுவரில் அந்தக் கோடு டேப்பை விட்டுக் கிளம்பி மேலே ஏறி, அங்கே நின்ற ராமநாதன் சாரின் முகத்தில் போய் நின்றது.

"ஐயோ, கண்ணு!" என்றார் அவர்.

கோட்டை இன்னும் இறக்கி வைத்தால், காலியாகப் போகும்போது பம்பருக்கு முன்னால் மட்டும்தான் வெளிச்சம் விழும், பாஸிங்கிலும் பெயிலாகும். இப்படியே விட்டால் பிள்ளைகள் ஏறியதும் எதிரே வருகிறவன் கதி அதோகதி. ஒன்றும் ஓடாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்ன உருளை கண்ணில் பட்டது. 0, 1, 2, 3 என்று எண்.

"இது என்ன எஸ்தர்?"

"அதுவா? மீட்டர் லைட்டக் கூட்டிக் கொறைக்கதுன்னு நெனச்சேன். ஒண்ணும் ஆவாது. ஒரு வருசமாச் செத்துக் கெடக்கு."

ஒரு வருஷம். எல்.ஈ.டி. பல்பு மாட்டியதிலிருந்து. பானட்டைத் தூக்கினேன். இரண்டு ஹெட்லைட்டுக்கும் பின்னால் டேப் சுற்றி ஒரு கொத்து வயர் ஒளிந்துகொண்டிருந்தது. பக்கத்துக்கு மூன்று வயர்! பல்பின் விசிறிக்கு இடம் பற்றவில்லை என்று அந்த ஆள் கழற்றி ஒதுக்கியது இதைத்தான். அந்த உருளையிலிருந்து, ஹெட்லைட்டை மேலும் கீழும் அசைக்கிற மோட்டாருக்குப் போகிற வயர் அது. நான் ஆடம்பரம் என்று விட்ட மூன்று பின்னும் அதற்குத்தான்.

சால்டர் அயர்னைச் சமையல்கட்டு பிளக்கில் சொருகினேன். மூன்றுக்கு மூன்று வயரைச் சேர்த்தேன். "யாரும் இறங்கக் கூடாது!" என்று கத்தினேன். உள்ளிருந்து ஒருவர், "சாம்பாருக்குப் பருப்புப் போடணும்யா" என்றார்.

எஸ்தர் உருளையை ஒன்றுக்குத் திருப்பினாள். முன்னாலிருந்து 'ம்ம்ம்' என்று மெல்லிய சத்தம். கோடு ராமநாதன் சாரின் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. இரண்டு, நெஞ்சுக்கு இறங்கி, டேப்பில் போய் ஒட்டிக்கொண்டது. வேனுக்குள்ளிருந்து கைதட்டல். எஸ்தர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, "ஆண்டவரே" என்றாள். நான் பூசணிக்காய் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக ஞாபகம் இல்லை. இதை என் வீட்டில் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

5. பாஸ்

மறுநாள் இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தை அளக்கிற மெஷினை ஹெட்லைட் முன்னால் உருட்டி வந்து பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். கண்ணாடியில் முத்திரை எண்ணைப் படித்தார். இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். பிறகு, "பச்சே பைட்டேங்கே தப்?" என்று கேட்டார். பிள்ளைகள் உட்கார்ந்தால் அப்போது?

எஸ்தர் ராணி மாதிரி இரண்டு விரலால் உருளையைத் திருப்பிக் காட்டினாள். லைட் குனிந்தது. இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "லோக் பூல் ஜாதே ஹைங் யே" என்றார். எல்லோரும் மறந்துவிடுகிற விஷயம் என்று அர்த்தம். நான் மறந்தவர்களின் வரிசையில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

பாஸ்! எஸ்தர் அங்கே நின்றே சான்றை ஃபோட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். 'திங்கட்கிழமை வழக்கமான நேரம், தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம்' என்று மட்டும் எழுதினாள். ஒரு பிள்ளைகூடக் கைமாறவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியில் ஒரு வயர் மீதி இருந்தால், ஒரு வேலை மீதி இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, எத்தனை பேர் ஏறுகிற வண்டியோ அத்தனை பேரையும் ஏற்றிப் பார்த்து செட்டிங் பண்ணுங்கள். என் பிஸ்கட் டப்பாவில் இப்போது பிஸ்கட்தான் இருக்கிறது. பாஸிங் பல்பு கேட்டு வருகிறவர்களுக்கு அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து உட்கார வைத்து, லைட்டைச் சரி பண்ணித்தான் அனுப்புகிறேன்.

ஜூனில் முதல் பெருமழை. மதிய ஷிஃப்ட் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வானம் கறுத்துக் கிடந்தது. செம்பூரில் ரோட்டைக் கடக்கக் குடையோடு நின்றிருந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் வெறும் வெள்ளை நெருப்பாகத்தான் வந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டேன். அடுத்து ஒரு வேன் வந்தது. அதற்கு முன்னால் ரோட்டில் தேங்கிய தண்ணீரும் பள்ளமும் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் என் கண் கூசவில்லை. பிள்ளைகள் நிறைந்த அந்த வேனை ஓட்டி வந்தவளின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எஸ்தர் சிரித்துக்கொண்டு வந்தாள்.