ஐந்து மாதங்களைக் காணோம்

போன சனிக்கிழமை காலை தங்கை மாலதி போன் செய்தாள். "அண்ணே, கொஞ்சம் வீட்டுக்கு வர்றீங்களா?" அவ்வளவுதான். குரல் சரியில்லை. ஜெலுத்தோங்கில் இருக்கும் அவள் பிளாட்டுக்குக் காரை விரட்டினேன்.

போனால்... மேசையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன கோப்பி, அழுது வீங்கிய முகம்.

மாலதி பள்ளி ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மழைக் கணக்கைக் கொடுத்தால், தாசேக் கெலுகோர் பக்கம் எந்தக் கிராமத்தில், எந்தக் கம்பத்து வீடுகளில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். சோதனை முழுக்கக் கம்ப்யூட்டருக்குள்தான். 'என் தங்கை வெள்ளத்துக்கே ஜாதகம் கணிக்கிறாள்' என்று போன வருஷம் இதே வாரப் பத்தியில் பீற்றிக்கொண்டேனே — ஞாபகம் இருக்கிறதா?

ஆய்வைப் பரிசோதிக்கும் பேராசிரியர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்களாம். முடிவில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, வழியில் எந்த புரோகிராம் அதைத் தொட்டது, என்ன மாற்றியது — அந்தத் தடத்தைக் காட்டு. அதாவது, எண்ணின் பூர்வீகம். நியாயம்தானே? பெண் பார்க்கப் போனால் தாத்தா எந்த எஸ்டேட் என்பது வரை குடைகிறோம். எண்ணை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்குள் விட்டுவிடுகிறோம்!

சரியென்று, படிப்படியாகத் தடம் பதிக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டியிருக்கிறாள். முதல் படியில் பன்னிரண்டு மாத மழை உள்ளே போகிறது. இரண்டாம் படியில் ஏழு மாதம்தான் வெளியே வருகிறது.

மீதி ஐந்து எங்கே?

"மாசப் பேரோட சுருக்கந்தாண்ணே," என்றாள். "மழைக் கணக்கு வந்தது மலாய்ல. புரோகிராமுக்கு இங்கிலீஷ் மாசம்தான் தெரியும். மார்ச்சுக்கு 'மாச்'னு இருக்கு, ஆகஸ்டுக்கு 'ஓகோஸ்'. மே, அக்டோபர், டிசம்பர் எல்லாம் ஸ்பெல்லிங் வேற. தெரியாத பேருன்னு தூக்கி வீசிடுச்சு லா."

வீசியது சரி. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை? ம்ஹும். காலி இடத்தை அக்கம்பக்கத்து மாதங்களின் சராசரியால் நிரப்பிவிட்டு, அழகாக வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அக்டோபரில் இங்கே எப்படி ஊற்றும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"அப்புறம் எப்படிம்மா உன் கணக்கு ஆத்துல நிஜமா அளந்த தண்ணியோட ஒத்துப்போச்சு?" என்றேன்.

"ஒத்துப்போற வரைக்கும் நான்தானே அண்ணே புரோகிராமுக்குள்ள எண்களைத் திருகிக்கிட்டே இருந்தேன்..."

மாதப் பெயர்களைத் திருத்தி ஓட்டிப் பார்த்தாளாம். எதுவும் எதோடும் பொருந்தவில்லை. பள்ளி விடுமுறை, தீபாவளி, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று எல்லாவற்றையும் தின்ற ஐந்து வருஷ உழைப்பு... ஏழு மாத மழையை நம்பி நின்றிருக்கிறது.

இப்போது நான் வெட்கப்பட வேண்டிய இடம். "பழைய கோப்பு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். ஆமாம், நான்தான். வாராவாரம் உங்களுக்கு நேர்மையைப் பற்றி அளந்துவிடும் அதே ஆள்.

மாலதி நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி வீட்டுக்குள்ள வர்றப்ப அந்தக் கம்பத்துக்காரங்களுக்குத் தெரியும் அண்ணே."

அவள் பேராசிரியர்களுக்கு எழுதினாள் — என் முடிவு தவறு, ஆய்வைத் திரும்பப் பெறுகிறேன் என்று. அனுப்பிவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, அதே புரோகிராமை வைத்து ஆராய்ச்சி செய்யும் மற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டாள். எல்லோரும் தயவுசெய்து உங்கள் மாதங்களை எண்ணிப் பாருங்கள்! இவ்வளவு தெளிவாகத் தவறைப் பிடித்துக் கொடுத்தால் பதறியடித்துக்கொண்டு பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஆறு பேர் படித்ததாகக் காட்டியது. மணிக்கணக்காக ஒரு பதிலும் இல்லை.

சாயங்காலம் அந்தக் குழுவில் ஒரே ஒருவர் மட்டும் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார். "அக்கா, நான் என் கணக்கைத் திறந்து பாக்கல. பாக்கவும் போறதில்ல. மன்னிச்சிடுங்க."

அவருக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா.