நடுவர் காலில் இல்லாத கல்

எங்கள் கால்பந்து நடுவர் விசில் ஊதினால் இரண்டு அணிகளும் நடுங்கும். அவ்வளவு கறார். ஆனால் போன வாரம் ஒரே ஆட்டத்தை ஒன்பது முறை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் வலது ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

"கல்லு குத்துதுய்யா!"

கல்லும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. கோட்டோரம் கொடி பிடிக்கும் எனக்குச் சிரிப்பை அடக்கியே வயிறு வலித்தது. சங்கச் செயலாளர் சிரிக்கவில்லை. "இறுதி ஆட்டத்துல ஒரு தடவை ஷூவைக் கழட்டினாலும், விசிலை என்கிட்ட குடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். இருபது வருட விசில். மனிதர் ஆடிப்போனார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் அவரை மருத்துவரிடம் இழுத்துப்போனேன். மருத்துவர் பாதத்தை இரு பக்கமும் சேர்த்து அழுத்தியதும் நடுவர் போட்ட கூச்சலில், வெளியே அழுதுகொண்டிருந்த குழந்தை கப்சிப்பென்று ஆகிவிட்டது.

"கல்லெல்லாம் இல்ல. மூணாவது விரலுக்கும் நாலாவது விரலுக்கும் நடுவுல போற நரம்பு தடிச்சிருக்கு. முனை குறுகலான ஷூ போட்டு அதை நசுக்கிட்டே இருக்கீங்க."

"குறுகலா இருந்தாத்தான் சார் எடுப்பா இருக்கும்."

"எடுப்பு வேணுமா, கால் வேணுமா?"

அகலமான ஷூ, அதற்குள் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரு மெத்தைத் துண்டு, சில வாரம் ஓய்வு. கேட்காவிட்டால் ஊசி. நாளைக்கு ஓடாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். யாரிடம் சொல்கிறார்!

கடை கடையாக அலைந்தும் அகல ஷூ கிடைக்கவில்லை. நடுவர் வீட்டில்தான் ஒன்று இருந்தது, அவருடைய மாமியார் காலையில் நடக்கப் போடுவது. கத்தரிப்பூ நிறம், பக்கவாட்டில் வெள்ளைப் பூ. கேட்பதுதான் சிக்கல். சாப்பாட்டு மேசையில் குறுக்கே பேசியதற்காக மருமகன் மஞ்சள் அட்டை காட்டியதிலிருந்து, இரண்டு வருடமாக மாமியார் அவரிடம் பேசுவதில்லை. மனைவிதான் தூது போனார். மறுநாள் காலை வாசலில் ஷூ இருந்தது.

மத்தியான வெயிலில் மைதானமே சிரித்தது. அவர் காது சிவந்ததே தவிர, கால் நிற்கவில்லை. வலி இருந்தது, ஆனால் ஓடக்கூடிய வலி. தொண்ணூறு நிமிடமும் அவர் ஒருமுறைகூடக் குனியவில்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடைசி விசில் ஊதியதும் முதலில் உள்ளே ஓடிவந்தது செயலாளர் அல்ல, மாமியார். கொதிக்கும் மண்ணில், வெறுங்காலில், தத்தித் தத்தி. இருந்த ஒரே ஜோடியைக் கொடுத்துவிட்டு ஆட்டம் முழுக்க வேலியோரம் நின்றிருக்கிறார்.

"நல்லா ஓடினீங்க மாப்பிள்ளை. இப்பவாவது கழட்டுங்க, கால் வேகுது!"