ஐசாயாவுக்குச் சாட்சி சொல்லப் போன அமோஸ்

ஐஸ் மழை கொட்டி, மின்கம்பங்கள் முறிந்து, மொன்றியல் முழுக்க இருட்டில் கிடந்த குளிர்காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவியின் விறகடுப்பில் நாங்கள் புட்டு அவித்தோம். அவளும் சீனி போட்டுச் சாப்பிட்டாள். அதை விடுவோம். அதற்கடுத்து வந்த வசந்தத்தில்தான் எனக்கு மொன்றியலின் லாசால் பகுதியில் லாண்டரி வேலை கிடைத்தது.

1. முதல் நாள்

ஹோட்டல்களின் கட்டில் விரிப்புகளைக் கழுவி ஸ்திரி போட்டு அனுப்புகிற இடம் அது. என்னைப் பீடரில் விட்டார்கள். சூடான உருளைக்குள் ஷீட்டை அனுப்புகிற மெஷின். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரே நேரத்தில் கிளிப்பில் மாட்ட வேண்டும். ஒருவர் முந்தினால் ஷீட் கோணலாகப் போய் உருளையில் சுற்றிவிடும்.

எனக்கு எதிரே நின்றவர் அமோஸ். மிசிசிப்பியில் பிறந்து, இளந்தாரியாக இங்கே வந்த கறுப்பின மனிதர். மாமா ஒருவர் ரயிலில் போர்ட்டராக இருந்தாராம், அவர்தான் கூப்பிட்டாராம்.

நான் ஷீட்டுக்கு மேல் ஷீட்டாகச் சிக்க வைத்தேன். அவர் மெஷினை நிறுத்தி, "அவசரப்படாதை. என்ரை கையைப் பாக்காதை, முகத்தைப் பார்" என்றார். இங்கிலிஷில்தான் சொன்னார். எனக்கு நினைவில் நிற்பது நம்முடைய தமிழாகத்தான்.

மடிக்கிற மேசையில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். அவர்களில் பகிடிக்காரன் சிவம்; இங்கிலிஷ் அரைகுறைதான். எல்லோரும் அமோஸை அவர் முன்னாலேயே தமிழில் "கறுவல்" என்பார்கள். நானும்தான். அவருக்கு விளங்காது என்ற தைரியம்.

2. அமெரிக்காவிலிருந்து போன்

சில வருடங்கள் போயின. ஒரு நாள் சூப்பர்வைசர் மதாம் ஓடி வந்து, அமெரிக்காவில் அரசாங்க வக்கீல் ஒருவர் அமோஸைக் கேட்கிறார் என்றார். அமோஸ் போனார். வெகுநேரம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் என் முன்னால் வந்து உட்கார்ந்து, சாப்பிடாமலே சொன்னார். அவருடைய அண்ணன் ஐசாயா, அந்தக் காலத்தில் மிசிசிப்பியில் கறுப்பு ஆட்களை வோட்டுப் பதியக் கூட்டிக்கொண்டு போகிறவராம். அதற்காகப் பட்டப்பகலில் பெட்ரோல் செட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். சுட்டவனை ஊருக்கே தெரியும். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு இப்போது வழக்கைத் திறக்கிறார்களாம். கண்ணால் கண்டவர்களில் மிச்சம் அமோஸ் மட்டும்.

"நான் போகமாட்டன்" என்றார். "அண்ணாவைச் சுடேக்கை நான் கார் சீட்டுக்குக் கீழை படுத்திருந்தனான். கோட்டிலை அதைத்தான் கேப்பினம். அக்காவும் அங்கை இருப்பா. நான் எப்பிடிச் சொல்லுறது?"

பக்கத்து மேசையிலிருந்து சிவம், "என்னவாம் அண்ணை?" என்று கேட்டான். சொன்னேன்.

"நாப்பது வருஷத்துக்குப் பிறகு சாட்சியோ? சுட்டவனுக்கு இப்ப பல்லும் இராது. கறுவலுக்கு ஓசியிலை பிளேன் ரிக்கெற். சுத்திப்போட்டு வரட்டும்."

எல்லோரும் சிரித்தோம். அமோஸ் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"அவர் என்ன சொல்லுறார்?"

"கட்டாயம் போகச் சொல்லுறார்" என்றேன். "உங்கடை அண்ணாவுக்காகக் கும்பிடுறாராம்."

வேறு என்ன சொல்ல? அமோஸ் எழுந்து போய்ச் சிவத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "மெர்சி, தம்பி" என்று நன்றி சொன்னார். சிவம் தலையை ஆட்டினான்.

அடுத்த கிழமை அமோஸ் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

3. இனிப்புப் பெட்டி

திரும்பி வந்தபோது சுட்ட அந்தக் கிழவனைக் குற்றவாளி என்று ஜூரி சொல்லியிருந்தது. அமோஸ் நடந்ததைச் சொன்னார்.

"அவனுக்குக் காது கேக்காது. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னவை. ரெண்டு தரமும் சொன்னன். சீட்டுக்குக் கீழை படுத்ததையும்தான். அக்கா வந்து என்ரை தலையைத் தடவினவ."

பிறகு ஒரு இனிப்புப் பெட்டியைச் சிவத்திடம் நீட்டினார். "நீ போகச் சொன்னபடியால்தான் போனனான்."

சிவம் பெட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணை, நீங்கள் அண்டைக்கு இவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஊரிலை என்ரை அண்ணனைச் சந்தியிலை வைச்சுச் சுட்டது எங்கடை ஆக்களிலை ஒருத்தன். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கடை மகளின்ரை கலியாணத்திலை என்ரை மேசையிலைதான் இருந்து சாப்பிட்டவன். எனக்குச் சோடாவும் ஊத்தித் தந்தவன்."

உண்மை. எனக்குத் தெரியும். செல்வாக்குள்ள ஆள் என்று நானே வீடு தேடிப் போய்க் கலியாணக் கார்ட் கொடுத்தேன். அங்கே நின்ற மற்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். அவர்களுக்கும் தெரியும்.

அமோஸ் மறுபடி கேட்டார். "என்ன சொல்லுறார்?"

"இனிப்பு நல்லாயிருக்காம்" என்றேன்.

பெட்டி இன்னும் திறக்கப்படவே இல்லை. அமோஸ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பீடருக்குப் போனார். அன்று பின்னேரம் முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். ஷீட்டுகள் கோணலாகவே போயின.

அமோஸ் இப்போது இல்லை. சிவம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். வேலை எனக்குப் படிப்பித்தது இவ்வளவுதான்: ஒருவர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எதிரே நிற்கிறவர் மற்ற மூலையைப் பிடிக்க வேண்டும். சிவம் தன் அண்ணனைச் சொல்லிப் பிடித்தான். அதை அமோஸுக்கு மறைத்த நான் பிடிக்கவில்லை. சுட்டவனின் பெயரை இதிலும் எழுதவில்லை. அதுவும் வெட்கம்தான்.

செத்தவர்களின் பெயரையாவது எழுதுகிறேன். அமோஸின் அண்ணன் ஐசாயா. சிவத்தின் அண்ணன் குலசிங்கம். இதை வாசித்தவர்கள் இந்த இரண்டு பெயரையும் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். என்னைப்போல மாற்றிச் சொல்லாதேயுங்கள்.