இறங்குவதற்கு ஒரு ஜோடி

வட்டக்கானலில் நான் தங்கியிருந்த அறையின் தரையில் ஐந்து ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. விடிந்தும் விடியாமல் எழுந்து அவற்றின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தவன், ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தேன். அவை என்னைப் பார்த்தன. நான் அவற்றைப் பார்த்தேன். யார் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் ஒன்று. அதைப் போட்டு நடந்தால் காலில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு போவது போல இருக்கும், ஆனால் கால் பிரளாது. ஓடுவதற்கான ஷூவில் காற்று மாதிரி போகலாம். பாதையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் வந்து நலம் விசாரிக்கும். வார் வைத்த செருப்பு அட்டைப்பூச்சிகளுக்குப் பந்தி வைத்தது மாதிரி. கேன்வாஸ் ஷூவை ஏன் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. பயந்தவன் பையில் எதுவும் இருக்கும்.

ஐந்தாவது ஜோடியை மட்டும் நான் நேராகப் பார்க்கவில்லை. அதற்குப் பெயர் அப்ரோச் ஷூ. பாறை ஏறுகிறவர்கள் ஏறும்போது விரல்களை மடக்கி நசுக்கும் இறுக்கமான ஷூ போடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு பத்தடிகூட நடக்க முடியாது. பாறையோ ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர நடையில் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கென்றே செய்தது அப்ரோச் ஷூ. அடிப்பாகத்தின் முன்பக்கம் வழவழவென்று இருக்கும். காய்ந்த பாறையில் பல்லி மாதிரி ஒட்டும்.

இதே மாதிரி ஒரு ஜோடியை என் கூட்டாளிக்கு நான் வாங்கிக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், பாறையிலிருந்து திரும்பும் வழியில் புல்சரிவில் வழுக்கி விழுந்து அவன் இறந்துபோனான். அன்றைக்கு அவன் காலில் இருந்தது அந்த ஷூவா, இல்லை அவனுடைய பழைய ரப்பர் பூட்ஸா? எனக்குத் தெரியாது. அதை அவன் மனைவியிடம் கேட்கத்தான் வந்திருந்தேன். வீட்டில் பாறைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு வகையில் எனக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்குச் செருப்பு விஷயத்தில் ஒரு அகம்பாவம் உண்டு. பழனி அடிவாரத்தில் பக்தர்களின் செருப்பை டோக்கன் போட்டுப் பாதுகாக்கும் கடை எங்களுடையது. இத்தனை வருடத்தில் எத்தனை ஜோடிச் செருப்புகளைக் கையில் வாங்கியிருப்பேன் என்பதை முருகன்தான் சொல்ல வேண்டும். அடித்தேய்மானத்தைப் பார்த்தே ஆள் எப்படி நடப்பான், எந்தக் காலில் வலி, பஸ்ஸில் வந்தானா நடந்து வந்தானா என்று சொல்லிவிடுவேன். ஜோசியம் சொல்கிற மாதிரி கண்ணை வேறு மூடிக்கொள்வேன். யாரும் கேட்காமலேயே சொல்வேன் என்பதுதான் இதில் விசேஷம்.

கூட்டாளி பூண்டு விவசாயி. வட்டக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் அவன் ஊர். பாறை ஏறுவதில் நான் பன்னிரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டதை அவன் பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டான். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அவனையே தேடுவார்கள். அவனோ உர மூட்டை தூக்குகிற அதே ரப்பர் பூட்ஸோடு பாறையடிக்கு வந்து நிற்பான். எனக்கு மானம் போகும். யார் மானம் என்று கேட்காதீர்கள்.

"ஏலே மாப்ளே, இதப் போட்டுக்கிட்டு வராத. அவுங்க போட்டோ எடுக்குறாங்க" என்பேன்.

"அவுங்க பாறையத்தான எடுக்குறாங்க. என் கால எதுக்கு எடுக்கப்போறாங்க."

கடைசியில் நானே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன மாமா இது, பாறைக்கு நடந்து போக ஒண்ணு, பாறையில ஏற ஒண்ணு. எறங்குறதுக்கு ஒண்ணு வச்சிருக்காகளா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தேன். ரப்பரின் தரம், ஒட்டும் திறன், கணுக்காலின் சுதந்திரம். அவன் தலையாட்டினான். அடுத்த வாரம் பார்த்தபோது, "நல்லாப் புடிக்குது மாமா" என்றான். அதற்குப் பிறகு நான் போன நாட்களில் எல்லாம் அதைத்தான் போட்டிருந்தான்.

அவன் விழுந்த அன்று நானும் வருவதாக இருந்தது. மறுநாள் வரும் ஆட்களுக்காகக் கயிறு கட்டிவைக்கப் போவதாகத் திட்டம். காலையில் பழனியிலிருந்து மலையைப் பார்த்தேன். மேகம் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. எனக்கு உடனே ஜலதோஷம் பிடித்துவிட்டது. எனக்கு வரும் ஜலதோஷங்களுக்கு மேகம் பார்த்து வரும் பழக்கம் உண்டு. வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, யாரும் பார்க்காவிட்டாலும் இரண்டு தடவை தும்மினேன்.

சாவுக்குப் போனேன். அங்கேயாவது பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். எல்லையில் கழற்றிக் கையிலோ பையிலோ எடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். வெளியாட்கள் எல்லைக்கல் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே எந்த வீட்டு வாசலிலும் ஒரு செருப்புக்கூடக் கிடையாது. அவனைக் கழுத்து வரை போர்த்தியிருந்தார்கள். திரும்பும்போது, அவனைத் தூக்கி வந்தவர்கள் அங்கே கழற்றிப் போட்டிருக்கலாம் என்று எல்லைக்கல் ஓரத்துக் குவியலில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"என்னங்க, ஒங்களுதக் காணோமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

என்னுடையது என் காலில் இருந்தது. "இன்னொரு ஜோடிங்க" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவன் மனைவிக்குப் பல தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் பூண்டு எப்படி என்று மட்டும் கேட்டேன். பூண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ரசம்தான். கேட்டுத் தொலைத்துவிடலாம் என்று முடிவுசெய்ய வைத்தது கடைக்கு வந்த ஒரு பக்தர். அதே நிறம், அதே ஷூ. கழற்றி மேசைமேல் நீட்டினார். என் கை நீளவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, அவர் நீட்டிக்கொண்டே நிற்கிறார், நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். என் மனைவி வந்து வாங்கி வைத்தாள். "என்ன, பாம்பா கெடக்கு உள்ள?" என்றாள்.

ஒருவழியாகக் கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எதைப் போட்டாலும் விழலாம் என்றால் கனமானதோடு விழலாம் என்ற ஞானம். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே காலைப் பார்த்துவிட்டார்.

"சார் மலையில ஏறப்போறீங்களா, மலைய ஒடைக்கப்போறீங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"ரெண்டு வருசமா ஆளே காணோம். தனியாவா போறீங்க?"

"தனியாத்தான்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம். காட்டுக்குள் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள்.

பனிமூட்டம் மரங்களுக்கிடையில் வெள்ளைத் துணி மாதிரி தொங்கியது. என் அடி ஒன்று விழும். அரை நொடி கழித்து இன்னொரு அடி. நான் நின்றால் அதுவும் நின்றது. மெதுவாக நடந்தால் அதுவும் மரியாதையாக மெதுவாக வந்தது. "யாரது" என்று கேட்டேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, வாய் அசைந்தது உறுதி. அடுத்து நான் செய்தது ஓட்டம். ஐம்பதைத் தொடப்போகிறவன், காலில் அம்மிக்கல்லோடு, வேர்களைத் தாண்டி, முருகனையும் வழியில் ஞாபகம் வந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். அதுவும் ஓடி வந்தது. என்னைவிட நன்றாக ஓடியது.

மூச்சு முட்டி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபோதுதான் தெரிந்தது. பாறை ஏறும் ஷூவைப் பையின் வெளியே தொங்கவிட்டிருந்தேன். அது ஒவ்வொரு அடிக்கும் முதுகில் மோதியிருக்கிறது. அந்த ஐந்தில் சேராதது; பாறைக்குப் போகிறேன் என்ற சாக்குக்கு ஆதாரமாகக் கொண்டுவந்த ஷூ. உட்கார்ந்து சிரித்தேன். கழற்றிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினேன். எழுந்து நடந்தேன்.

பின்னால் அடி விழுந்தது.

அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இந்தத் தடவை நான் ஓடவில்லை. எல்லைக்கல் வரை அது கூடவே வந்தது. நான் குனிந்து பூட்ஸைக் கழற்றும்போது நின்றது. ஊருக்குள் நான் வெறுங்காலோடு நடந்தபோது ஒரு சத்தமும் இல்லை.

அவன் மனைவி வீட்டுக்கு முன்னால் சாக்கை விரித்துப் பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் என்னை மாமா என்று கூப்பிட்ட முறையில் நான் அவளுக்கு அண்ணன்.

"வாங்கண்ணே. என்ன இம்புட்டுத் தூரம், போன்லயே கேக்க வேண்டியதுதான. பூண்டு நல்லாத்தான் வந்துருக்கு" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காப்பி கொடுத்தாள். ஒரு வேடிக்கையான பேச்சை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அது காப்பியோடு உள்ளே போய்விட்டது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு மொட்டையாகக் கேட்டேன்.

"தங்கச்சி, அன்னைக்கு அவன் கால்ல எது இருந்துச்சு?"

கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு உரப்பையோடு வந்தாள். அதிலிருந்து அந்த ஜோடியை எடுத்துச் சாக்கில் வைத்தாள்.

"இதாண்ணே."

பழக்கதோஷம், என் கண் முதலில் அடியைத்தான் பார்த்தது. அவன் குதிகாலை வெளிப்பக்கமாக ஊன்றுகிறவன். வெளிப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. ஆனால் உள்பக்கமும் தேய்ந்திருந்தது. அது பிந்தியது, ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருந்தன. ஒரே அடியில் இரண்டு பேர் நடந்திருந்தார்கள்.

"நாந்தான் பூண்டுக் காட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போறேன்" என்றாள். "முன்னால துணி அடைச்சாச் சரியாருக்கும். மழ விழுந்தா மட்டும் போட மாட்டேன். ஈரப் புல்லுல நிக்காதுண்ணே இது."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா. போட்ட மொத வாரமே ரெண்டு தடவ விழுந்து, இடுப்பப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. மாமாட்ட சொல்லிராத, ஆசையா வாங்கிக் குடுத்துருக்காரு, மூஞ்சி சுண்டிப்போகும்னாரு. நீங்க வராத அன்னைக்கெல்லாம் பூட்ஸுதான். நீங்க வாரன்னைக்கு மட்டும் இது."

நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலியாக இருந்தது.

"அன்னைக்கும் மானம் இருட்டிக்கிட்டு வருது, பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போங்கன்னேன். மாமா வாரேன்னுருக்காரு, வெரசாப் போகணும்னு இதப் போட்டுக்கிட்டுப் போனாரு." அவள் பூண்டை மறுபடி கையில் எடுத்தாள். "நீங்க வரலன்னு அனுப்புனது, மழமூட்டம்னா இங்க டவர் கெடைக்காதுல்லண்ணே, அவரு போனுக்குச் சாயங்காலந்தான் வந்துச்சு. நாந்தான் பாத்தேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தப்பிப்பதற்கு எனக்கு வழிகள் தெரியும். எனக்கு எதிரே ஒரு ஜோடி ஷூ, நான் கூச்சப்படக் கூடாது என்பதற்காக ஒருவன் போட்டுக்கொண்டு போனது, மண்ணோடு உட்கார்ந்திருந்தது. எத்தனை முறை அவன் அதைப் போட்டுக்கொண்டு எல்லையில் நின்று எனக்காகக் காத்திருப்பான். நான் அவன் காலைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பேன். அவனோ ஒவ்வொரு ஈர அடியையும் எண்ணி எண்ணி வைத்திருப்பான். எண்ணியபடியே என் பிரசங்கத்துக்கும் தலையாட்டியிருப்பான்.

அவள் ஒரு ஷூவை எடுத்து அடியை வளைத்துக் காட்டினாள். "இதுவும் அடி விட்டுப்போச்சு. எனக்குக் காட்டுச் சோலிக்கு ஒண்ணு வேணும்ணே. ஈரத்துல நிக்கணும், பாறையிலயும் நிக்கணும். எது நல்லாருக்கும்?"

கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

"எனக்குத் தெரியாது தங்கச்சி."

"ஒங்களுக்கா தெரியாது?"

"நெசமாத் தெரியாது."

"அட போங்கண்ணே. நீங்க பாத்து வாங்குனாச் சரியாத்தான் இருக்கும்."

பூண்டின் காய்ந்த தோல் காற்றில் எழும்பி என் காலடியில் வந்து விழுந்தது. நான் அவள் பாதத்தைப் பார்த்தேன். அளவு தெரிந்துவிட்டது; அந்த ஒன்றைத் தடுக்க என்னால் முடியாது.

"ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்றேன். "போட்டுப் பாரு. வழுக்குச்சுன்னா என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிரணும். கடிச்சுச்சுன்னாலும் சொல்லிரணும். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"சரிண்ணே" என்றாள் அவள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.