தூசி படக்கூடாத மெஷின்

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்கிற ஆய்வகத்தில் வேலை. தொழிற்பேட்டையைச் சுற்றி மொட்டைமாடிகளில் காற்றை உறிஞ்சும் மெஷின்கள் இருக்கின்றன. காலையில் மாடி மாடியாக ஏறி, தூசி படிந்த பழைய வடிதாளை எடுத்துப் புதியதைப் பொருத்தி, எடை போடக் கொண்டுவர வேண்டும். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் மூக்கை நுழைத்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று கணவன் கேலி செய்வான்.

மற்ற மாடித் தாள்களெல்லாம் சாம்பல் பூத்து வரும். அவள் குடியிருக்கும் கட்டடத்துத் தாள் மட்டும் சலவைக்குப் போட்ட மாதிரி வந்தது. எதிரிலேயே இரும்பு உருக்கும் ஆலை. மகளுக்கு ஓயாத இழுப்பு. வாசல் கதவைத் துடைத்தால் துணி கறுக்கிறது, மெஷின் மட்டும் மலைக்காற்று வாங்குகிறதா? மோட்டாரை மாற்றினாள், குழாயைக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

“உங்க தெரு நல்லாத்தாம்மா இருக்கு. இந்த ரிசல்ட்டை வெச்சு ஆலையோட ரெண்டாவது உலைக்கு அனுமதி கொடுத்துடலாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து,” என்றார் அதிகாரி.

அன்று சாயங்காலம் ஆலை புகையைத் திறந்துவிட்டதும் மகளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. குழந்தையைக் கணவன் மடியில் கிடத்திவிட்டு, இந்தப் புகையில் மெஷின் என்னதான் செய்கிறது என்று பார்க்கத் தடதடவென்று மாடியேறினாள். அங்கே கட்டடத்துக் காவலாளி, காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது போல மெஷினுக்கு ஈரப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“புகை வருதும்மா, அதான். தினமும் மூடிடுவேன், காலையில நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். மெஷின் மேல ஒரு பொட்டுத் தூசி படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னவள் அவள்தான். மெஷின் பக்கத்தில் யாரோ பாய் உதறியதைப் பார்த்துக் கடுப்பில் கத்தியது. அதை மனுஷன் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். போர்வையை உருவினாள்.

“இது தூசி திங்கத்தான் இருக்குண்ணே. இனிமே பட்டினி போடாதீங்க.”

அங்கே நின்றபடியே அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“சார், எங்க மாடி ரிசல்ட் எல்லாமே தப்பு. தூக்கிப் போட்டுடுங்க. தப்பு என்னோடதுதான்.”

“கையெழுத்து தள்ளிப் போகும்மா. உங்களுக்கு மெமோ வரும்.”

“வரட்டும் சார்.”

மறுநாள் காலை தாளை எடுத்தாள். அடிபிடித்த பாத்திரம் மாதிரிக் கன்னங்கரேலென்று இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆய்வகத்துக்குப் போகிற அவசரத்திலும் வீட்டுக்குள் ஓடினாள்.

“பாருங்க, எப்படிக் கறுத்திருக்குன்னு.”

கணவன் தாளைப் பார்த்தான். பிறகு, இழுத்து இழுத்துக் களைத்து வாய் திறந்து தூங்கும் மகளைப் பார்த்தான்.

“ராத்திரி பூரா இவளும் இதைத்தானே இழுத்தா?”

அவள் தாளைக் கவருக்குள் போட்டாள். ஜன்னலை மூடப் போனாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.