அறுபது மில்லி, காலை மாலை

மருந்துக்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் சொட்டு. காதுக்கு மூன்று சொட்டு என்று டாக்டர் எழுதியிருந்தால், "நாலு விட்டுடாதீங்க, மூணே மூணு" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்புவார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கடைச் சுவரில் எழுதியே மாட்டியிருந்தார்.

அண்ணன் மாரடைப்பில் போன பதினாறாம் நாள், அவருடைய பழைய காரின் சாவியை அண்ணி சொட்டுவின் கையில் வைத்தார்.

"ஆறு மாசம் பார்ப்பேன், தம்பி. ஒழுங்கா ஓடினா உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கயாவது நின்னு மானத்தை வாங்கிச்சுன்னா பழைய இரும்புக் கடைதான்."

அண்ணன் பதினெட்டு வருடம் உட்கார்ந்து பள்ளமாக்கிய சீட் அது. இரும்புக் கடை என்றதுமே சொட்டு சாவியைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

காரைப் பற்றி அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆயில் டப்பாவில் 5W-30 என்று இருந்ததை மருந்துச் சீட்டு மாதிரி திருப்பித் திருப்பிப் படித்தார். மெக்கானிக் விளக்கினார்: "முன்னாடி இருக்கிற எண் குளிர்ல எவ்வளவு லேசா ஓடும்னு சொல்லுது சார். பின்னாடி இருக்கிறது சூட்ல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. ரொம்பத் தண்ணியா இருந்தா இரும்பும் இரும்பும் உரசிடும். ரொம்பக் கெட்டியா இருந்தா காலையில மேல ஏறவே நேரமாகும்."

கேட்டதோடு விடுகிற ஆளா அவர்? ஆயில், தேன், விளக்கெண்ணெய், இருமல் மருந்து நான்கையும் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு தட்டைச் சாய்த்து ஓட்டப்பந்தயம் விட்டார்.

"ஏங்க, இந்த ரெண்டு பாட்டில்ல எதுங்க தேன்?" என்றாள் மனைவி.

"குடிச்சுத் தொலைச்சிடாதே. இரு, ஆயில்தான் முந்துது. விளக்கெண்ணெய் இன்னும் கிளம்பவே இல்ல."

"உங்க சித்தப்பா மாதிரியா?"

இவ்வளவும் கற்ற பிறகுதான் வினை வந்தது. ஆறாவது மாதம் வீட்டு வாசலில் முதல் தடவையாகத் தானே இன்ஜினின் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால், ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. வேறு யாராவது என்றால் கொஞ்சம் ஊற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். சொட்டு மருந்துக்கடைக்காரர். ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது என்று காலை அறுபது மில்லி, மாலை அறுபது மில்லி, மருந்து மூடியால் அளந்து ஊற்றினார். அதுவரை வண்டிக்குப் பூரண ஓய்வு. பன்னிரண்டாம் நாள் குச்சியில் மேல்கோடு நனைந்தது. "தேறிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டுக்குப் போக அண்ணி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். சொட்டு சாவியைத் திருப்பினார். நீலப் புகை கிளம்பி எதிர்வீட்டை மறைத்தது.

"தம்பி, வண்டி எரியுதா?"

"இல்ல அண்ணி, அது... செரிக்கலை."

ஓடி வந்த மெக்கானிக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தத் தெருவே சறுக்குமரம் சார். வண்டி மூக்கைக் கீழே வச்சு நிக்குது. ஆயிலெல்லாம் முன்னாடி ஓடிடும், குச்சி பின்னாடி இருக்கு. குறைச்சலாத்தான் காட்டும். நீங்க அளந்து அளந்து அளவில்லாம ஊத்தியிருக்கீங்க!"

கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டரை வடித்தார். மிச்சம் சரியா என்று பார்க்கச் சமதளம் வேண்டும். அந்தப் பேட்டை முழுக்க மேடும் பள்ளமும். கடைசியில் அண்ணியின் கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, ஊர்கிற வேகத்தில் தெருத் தெருவாக ஓட்டினார்கள். "சாயுது... இன்னும் சாயுது... என் புடவை போச்சு" என்று அண்ணி அறிவித்துக்கொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரிப் பின்வாசலில் தண்ணீர் அசையாமல் நின்றது.

பிணவறை முற்றம். ஆறு மாதத்துக்கு முன் அண்ணனை வாங்கிக்கொண்டு போன இடம்.

"ஆஃப் பண்ணுங்க. ஆயில் கீழே இறங்கப் பத்து நிமிஷம் ஆகும்" என்றார் மெக்கானிக். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது.

காவலாளி வந்தார். "யாரு போயிட்டாங்க?"

"என் வீட்டுக்காரர். ஆறு மாசமாச்சு" என்றார் அண்ணி.

"அப்ப இப்ப எதுக்கும்மா?"

"பத்து நிமிஷம் இருக்கணுமாம்."

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு போனார். அண்ணி டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்கண்ணன் ஒரு நாள்கூட இந்த வண்டி மூடியைத் திறந்து பார்த்ததில்லை, தம்பி. உடம்பையும் அப்படித்தான்."

"நான் பார்த்திருக்கணும் அண்ணி. கடையில பிரஷர் மெஷின் இருக்கு. வாரா வாரம் வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போவார். ஒரு தடவை கையைக் கேட்டிருக்கலாம்."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். மெக்கானிக் குச்சியைத் துடைத்து, விட்டு, உருவினார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது ஆயில்.

"வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அண்ணி. "ஆனா முதல்ல ஆஸ்பத்திரிக்குள்ள போய் உங்க பிரஷரைப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

கையெல்லாம் ஆயிலோடு போனவர் அரை மணி கழித்து வந்தார்.

"எவ்வளவு?"

"நூத்தி எழுபது. மாத்திரை எழுதியிருக்காங்க."

அண்ணி கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கம் வந்து, அண்ணன் சீட்டின் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஓட்டத் தெரியும் என்பதே அன்றுவரை குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"சாவியைக் கொடுங்க, தம்பி. நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க."